துரை நாய்க்குத் தெரிந்த பாஷை

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது பிள்ளைகள் கையகலக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறார்கள். நாம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டாயா என்று கேட்கிறோம், சாப்பிட்டேன் என்கிறார்கள், அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோம். நீங்கள் வெளியில் சொல்லமாட்டீர்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சொல் காதில் விழுந்தது. பத்து வயதில் நான் தேடிக் கிடைக்காத சொல். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ராஜபாளையத்தில் அப்பா வேலை பார்த்த நூல் மில்லுக்குச் சீமையிலிருந்து புது மிஷின்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றைப் பூட்டிக் கொடுக்க ஒருவர் கூடவே வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், சிவந்த கழுத்து, எப்போதும் எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை. மில்லில் எல்லோருக்கும் அவர் துரை. அப்பா மேஸ்திரி என்பதால் அவர் கூடவே நின்று வேலை செய்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

முதல் வாரமே அப்பா வீட்டில் வந்து சொன்னார். "துரை இங்கிலீஷ்காரவியளே இல்லையாம். சொன்னா கோவம் வருது அவியளுக்கு."

"பொறவு என்னவாம்?" என்றாள் அம்மா.

"பக்கத்துல வேற ஊராம். பாஷையும் வேறயாம். வெள்ளையா இருக்காரு, இங்கிலீஷ் பேசுதாரு, இங்கிலீஷ்காரரு இல்லேங்காரு. நமக்கென்ன, நெட்டு போல்ட்டு சரியா இருந்தாச் சரி."

எங்கள் வீட்டிலும் பாஷை வேறுதான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்த தெலுங்குக் குடும்பம். சண்டை போடத் தெலுங்கு, சாமி கும்பிடத் தெலுங்கு, நாயை அதட்டத் தெலுங்கு. கடை, கணக்கு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழ். தெலுங்கில் எங்களில் ஒருவருக்கும் ஓர் எழுத்து தெரியாது. துரை ஒருநாள் அப்பாவிடம், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டாராம். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு, "ஒன்னுமில்ல சார், வீட்டுக்குள்ள என்னமோ பேசிக்கிடுவோம்" என்றாராம். அந்த 'என்னமோ' அவருக்குப் பிடிக்கவில்லையாம். இதையும் அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டை இருந்தது. ஊரில் இங்கிலீஷ் மீடியம் புதுசு. தமிழில் பேசிய பிள்ளையின் கழுத்தில் சணல் கோத்த ஒரு மரக்கட்டையை மாட்டிவிடுவார்கள். இன்னொரு பிள்ளை தமிழில் பேசி மாட்டுகிற வரைக்கும் அது நம் கழுத்தில்தான். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் கொண்டுவர வேண்டும். உங்களில் சிலர் கழுத்திலும் அது தொங்கியிருக்கும், மறந்திருப்பீர்கள். வியர்வையில் ஊறி ஊறி அதற்கு ஒரு புளித்த வாடை உண்டு.

ஒரு சாயங்காலம் அந்தக் கட்டையோடு அப்பாவைப் பார்க்க மிஷின் ஷெட்டுக்குப் போனேன். பஞ்சுத் தூசி பறக்கிற இடம். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். துரை என் கழுத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கட்டையைக் கழற்றி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவை ஷெட்டுக்கு வெளியே கூட்டிவந்து பேச ஆரம்பித்தார். எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அப்பா சொன்னார்.

துரையின் தாத்தா பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவர் கழுத்திலும் இதே மாதிரி ஒரு கட்டை தொங்கியதாம். சொந்தப் பாஷையில் பேசியதற்காக. சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் பிரம்படியாம்.

பிறகு சாக்பீஸ் எடுத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு தீவை வரைந்தார். முழுத் தீவிலும் ஏறக்குறைய தன் பாஷையின் தாய்ப்பாஷைதான் ஒரு காலத்தில் பேச்சு என்றார். இங்கிலீஷ் அப்புறம் கப்பலில் வந்தது. வந்தவர்கள் இவருடைய ஆட்களை வரவர மேற்கே மலைப் பக்கம் தள்ளிக்கொண்டே போனார்கள். சாக்பீஸ் கோட்டைக் கையால் அழித்து அழித்து, கடைசியில் மேற்கு ஓரத்தில் ஒரு துண்டு மிஞ்சியது. அதுதான் வேல்ஸ். அந்தப் பெயரே வெளியாள் என்கிற அர்த்தத்தில் வந்தவர்கள் வைத்ததாம். இருந்தவனை வந்தவன் வெளியாள் என்றான் என்று சொல்லிச் சிரித்தார். தங்களுக்குள் அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெயருக்கு ஒரு மண்ணில் சேர்ந்து வாழ்கிறவர்கள் என்று அர்த்தமாம்.

"இப்பவும் பேசுதாங்களா சார்?" என்றார் அப்பா.

பேசுகிறார்கள், ஆனால் வரவரக் குறைவு என்றார். ரோட்டுப் பலகைகளில் தங்கள் பாஷை வேண்டுமென்று பிள்ளைகள் ஜெயிலுக்குப் போனார்களாம். இப்போது அந்தப் பாஷைக்கென்று தனி டி.வி.யே வந்துவிட்டதாம். எங்கள் பக்கம் அப்போது டி.வி. என்பதே மில் முதலாளி வீட்டு மாடி ஆன்டெனாக் கம்பத்தில் அகப்பட்டால் தெரிகிற இலங்கை டி.வி.ப் படம்தான். ஒரு பாஷைக்குத் தனி டி.வி. எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் காலையில் நான் கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இனி நாய். பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், நாய் வளர்ப்பவர். எங்கள் ஊர்ப் பெயரோடு வெளியூர் போகிற அந்த வெள்ளை நாய்கள்தான். நெடு நெடு என்ற கால், ரோஸ் நிற மூக்கு, ஓர் ஆளுக்குத்தான் அடங்கும். சுத்த வெள்ளையாகப் பிறக்கிற குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காது. அதைக் கண்டுபிடிக்கப் பெரியப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று ஈயத் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவார். திரும்பாத குட்டி மறுநாள் இருக்காது. எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை.

அவரிடமிருந்து துரை ஒரு பெட்டைக் குட்டியை வாங்கிக்கொண்டார். தட்டுச் சத்தத்துக்குத் திரும்பிய குட்டிதான். அது ஷெட்டிலேயே, அத்தனை இரைச்சலுக்கு நடுவில் வளர்ந்தது. பக்கத்தில் இரும்புச் சட்டம் விழுந்தாலும் கண்ணைத் திறக்காமல் தூங்கும். பழைய மிஷின் பெல்ட்டை அறுத்துத் தைத்து அதற்குக் கழுத்துப்பட்டை செய்து போட்டார் துரை. பெயர் வைக்கவில்லை. மில் ஆட்கள் 'துரை நாய்' என்றார்கள்.

அதோடு அவர் தன் பாஷையில்தான் பேசினார். மனைவி இறந்துவிட்டாளாம். பிள்ளைகள் இங்கிலீஷ் ஊரில் இங்கிலீஷ் பேசிக்கொண்டு இருக்கிறார்களாம். இங்கே அவருக்கு வேறு யார் இருந்தார்கள்? வேலை முடிந்ததும் ஷெட் வாசலுக்கு வந்து, கத்தாமல் கையை ஆட்டாமல், மெதுவாக ஒன்று சொல்வார். ஒரு தடவை நான் அங்கே இருந்தேன். நாய் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அவர் சொன்னதும் எழுந்து போய் அவர் முழங்காலில் மூக்கை வைத்தது. அப்பா இதைத் தினமும் பார்த்தார்.

மிஷின்கள் ஓட ஆரம்பித்ததும் துரை ஊருக்குப் புறப்பட்டார். நாயைக் கொண்டுபோக முடியாது, அப்பாவிடம் ஒப்படைத்தார். இதற்கு என் பாஷைதான் தெரியும் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் அப்போது கூடவே நின்றேன். அப்பா, "எஸ் சார், எஸ் சார்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில், "நம்ம பேச்சுக்குத் தானாப் பழகிக்கிடும்" என்றார்.

அம்மா வீட்டில் சேர்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவின் தங்கையைக் கட்டிய மாமாவுக்கு மலையடிவாரத்தில் மாந்தோப்பு. காவலுக்கு நாய் வேண்டியிருந்தது. அந்தக் கோடை லீவுக்கு நானும் போனேன். காலையில் அத்தை தூக்குச் சட்டியில் கஞ்சி கொடுத்துவிடுவாள். நான் மாமா சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து தோப்புக்குப் போவேன். மாம்பிஞ்சுப் பால் பட்டு உதட்டோரம் வெந்துபோயிருக்கும். நாய் கிணற்றுப் பக்கம் சங்கிலியில் கிடக்கும். கஞ்சி ஊற்றினால் குடிக்கும். கூப்பிட்டால் வராது.

வெள்ளச்சி என்று பெயர் வைத்தார் மாமா. வெள்ளச்சி, வெள்ளச்சி என்று தோப்பே அதிரக் கத்தினார். தெலுங்கில் அதட்டிப் பார்த்தார். நாய் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது செவிடுலா" என்றார் மாமா காவல்காரரிடம். "ஏலே, அந்தத் தட்டை எடுத்துப் பின்னால நின்னு ஓங்கித் தட்டு பாப்போம்."

தட்டினார்கள். மில்லில் வளர்ந்த நாய் ஒரு ஈயத் தட்டுக்கா திரும்பும்?

"மாமா, அதுக்குக் காது கேக்கும். நேத்து மாங்கா விழுந்த பக்கம் திரும்பிப் பாத்துச்சு."

"வாடை வந்திருக்கும்."

"துரை கூப்பிட்டா போகும் மாமா. அது வேற பாஷை."

மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக்காரர் வளர்த்த நாய்க்குத் தமிழும் தெலுங்கும் எப்படித் தெரியும் என்று தெருவிலிருந்த ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டரைக் கூட்டி வந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாயின் எதிரில் நின்று, "கம் ஹியர்! சிட் டவுன்! கெட் அப்!" என்று வகுப்பு எடுத்தார். நாய் அவரை மரியாதையாகப் பார்த்தது, பிறகு மலையைப் பார்த்தது.

"இங்கிலீஷே கேக்கலைன்னா காது போயிட்டுதுன்னுதான் அர்த்தம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இங்கிலீஷ் இல்ல மாமா, அவிய பாஷை வேற" என்றேன்.

"ஏட்டி, வெள்ளைக்காரனுக்கு இங்கிலீஷ விட்டா வேற என்ன பாஷை?" என்று மாமா சிரித்தார். ஹெட்மாஸ்டரும் சிரித்தார். சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சிரித்தது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நான் கிணற்றடியில் நாயோடு உட்கார்ந்துகொண்டு, வாயில் வந்த சத்தத்தை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். துரை சொன்னது இரண்டு மூன்று அசைதான், முடிவில் வாய் திறந்திருக்கும், அவ்வளவுதான் ஞாபகம். அதற்குப் பொருத்தமாக எதையாவது கோத்து, அவர் சொல்வதுபோல் மெதுவாகச் சொல்வேன். நாய் என் முகத்தைப் பார்க்கும். வெயிலில் அதன் மூக்கு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. நான் தண்ணீர் தொட்டு வைப்பேன்.

லீவு முடிகிற சமயம் அது சங்கிலியை அறுத்துக்கொண்டு காவல்காரர் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பிடித்துவிட்டது. மாமா விடு விடு என்று கத்திக்கொண்டே ஓடினார். கம்பால் அடித்தார். குட்டி சாகும் வரை விடவில்லை. காவல்காரர் மனைவி தன் கைப்பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை தவழ்கிற இடத்தில்தான் சங்கிலி இருந்தது. காது கேட்காத நாயை யாரும் கூப்பிட்டு நிறுத்த முடியாது. மாமா பயந்ததில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

குட்டி கொடுத்த வீடுதான் நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் பஸ்ஸில் வந்தார். அப்பாவும் கூட வந்தார்.

பெரியப்பா நாயின் வாயைத் திறந்து பார்த்தார், காதைப் பிரித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிக் கொடுத்தார். பின்னால் போய்த் தட்டைத் தட்டினார். "குட்டியில நல்லாத் திரும்புச்சு. மில்லுச் சத்தத்துல போயிருக்கும். மனுசனுக்கே போகுது" என்றார்.

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, துரை எப்படிக் கூப்பிடுவாக? சொல்லுங்கப்பா."

"என்னமோ சொல்லுவாரு."

"என்னன்னு சொல்லுங்கப்பா."

"இங்கிலீஷ் இல்ல. என்னமோ... என்னமோ சொல்லுவாரு."

பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார். "ஏலே, நெசமாவா? வேற பாஷையா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். "அப்பச் சொல்லுலே. ஒருதரம் கூப்பிட்டுப் பாத்திருவோம். வந்துச்சுன்னா நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா வாயைத் திறந்தார். தினம் சாயங்காலம், மாதக்கணக்கில் கேட்ட சொல். அந்த மிஷினில் எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார். துரை சொன்ன எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். அந்த ஒன்றை மட்டும் அவர் காதில் வாங்கவே இல்லை. ஏதோ ஒரு சத்தம் போட்டார். நாய் திரும்பவில்லை. இன்னொரு சத்தம் போட்டார். அவர் முகம் வியர்த்து, என் வகுப்பில் கட்டை விழுகிற பிள்ளையின் முகம் மாதிரி ஆனது. பெரியப்பா செத்த நேரம் காத்திருந்தார். அவர் அவசரப்படவில்லை, அதையும் நான் பார்த்தேன்.

பிறகு மாமாவின் காட்டுப்பன்றித் துப்பாக்கியை ஒரு கையிலும் சங்கிலியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார். நாய் அவர் கூடவே சாதாரணமாக நடந்து போனது. ஒரு சத்தம் கேட்டது. மில்லில் வளர்ந்த நாய்க்கு அது பெரிய சத்தமில்லை.

பெரியப்பா கழுத்துப்பட்டையை மட்டும் கொண்டுவந்து கிணற்றுச் சுவரில் வைத்தார். அத்தை கொடுத்த கஞ்சியை எல்லோரும் குடித்தோம். நானும் குடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்று வரை வரவில்லை. ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அப்படித்தான் அந்த இடம் இருக்கிறது. தொட்டால் தெரியும், வலிக்காது.

துரை மில்லுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் நாயை விசாரித்திருந்தார். நலமாக இருக்கிறது என்று அப்பா பதில் போடச் சொன்னார். அந்தப் பட்டை அத்தை வீட்டு ஆணியில் சில வருஷம் தொங்கியது. தொண்ணூறுகளில் மாமா தோப்பை விற்று வீட்டை இடித்துக் கட்டியபோது எங்கே போனதோ தெரியவில்லை. அப்பாவும் இப்போது இல்லை.

என் மகள் இப்போது கார்டிஃபில் ஆஸ்பத்திரி நர்ஸ். போகும்போது நானும் மற்றவர்களைப்போல இங்கிலாந்து என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் சொன்னாள், "இது இங்கிலாந்து இல்லம்மா, வேல்ஸ்." ரோட்டுப் பலகையில் எல்லாம் அவர்கள் பாஷையும் இருக்கிறதாம். அந்தப் பாஷையிலேயே எல்லாப் பாடமும் நடக்கிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றனவாம், வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள்கூடப் பிள்ளைகளை அங்கே சேர்க்கிறார்களாம். கழுத்தில் ஏதாவது மாட்டுவார்களா என்று கேட்டேன். "என்னம்மா கேக்கீங்க? அந்தப் பாஷையில பேசினா ஸ்டிக்கர் குடுக்காங்க" என்றாள்.

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் தங்கியிருக்கிற வீட்டுக்கார அம்மாவின் நாய், கறுப்பும் வெள்ளையும், கண்ணாடியில் மூக்கை வைத்து என்னை முகர்ந்து பார்த்தது. உள்ளேயிருந்து அந்த அம்மா கத்தாமல் மெதுவாக ஒன்று சொன்னார். நாய் எழுந்து போய்விட்டது. மகள் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"அவிய இப்ப நாயைக் கூப்பிட்டது என்னது?"

"'தெரெ மா'ன்னாங்க. 'இங்க வா'ன்னு அர்த்தம்மா. எங்க வார்டுலயும் ரெண்டு மூணு வார்த்தை கத்துக் குடுத்திருக்காங்க. வயசானவங்க கடைசியில இங்கிலீஷை மறந்துட்டு இந்தப் பாஷைக்குத் திரும்பிருதாங்க. அதுல பேசினாத்தான் வாயைத் திறந்து சாப்பிடுதாங்க."

தெரெ மா. இவ்வளவுதான். வீட்டில் நாங்கள் 'ரா' என்போம், வெளியே 'வா' என்போம். அப்பாவால் சொல்ல முடியாத அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"அந்த நாய்ப் பக்கம் போனைத் திருப்பு" என்றேன்.

"நாயவா? எதுக்கும்மா?"

"திருப்பு."

திருப்பினாள். அடுப்பங்கரை வாசலில் அது எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. நான் கத்தவில்லை. துரை சொல்வதுபோல மெதுவாகத்தான் சொன்னேன். நாய் எழுந்து வந்தது.